அரை மணி நேரக் குளிர்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு யூனிட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். போர்வெல் வண்டி, கேரளத்துக் கல்குவாரி, திருப்பூர்ச் சாயப்பட்டறை என்று எதிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை.

முந்தைய கோடையில், தொப்பூர்ப் பக்கம் வண்டியை ஓரங்கட்டிய கையோடு ஸ்டியரிங் மேலேயே மயங்கி விழுந்தேன். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னொரு முறை இப்படிச் சூடு ஏறினால் எழுந்திருக்க மாட்டாய் என்றார் டாக்டர். அதன் பிறகு முதலாளி வேறொரு பழைய லாரியை வாங்கினார். கேபினில் ஏசி இருந்தது. அவர் அதற்காக வாங்கவில்லை, வண்டியோடு வந்தது. எனக்கோ அது இருந்தால்தான் வேலை. சாயங்காலம் வண்டியை நிறுத்தினால் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. முதல் தடவையாக ஒரு வேலையை விட்டுப் போக மனமில்லை.

ஏப்ரலில் ஏசி மக்கர் செய்தது. கிளம்பியதும் நன்றாகக் குளிரும். அரை மணி நேரத்தில் காற்று மெலிந்து, கடைசியில் ஒன்றும் வராது. உள்ளூரில் இரண்டு தடவை கேஸ் நிரப்பினோம். பலனில்லை. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏலே, கடைசியா ஒரு தடவ ஸ்ரீவில்லிபுத்தூர்ல காட்டு. அங்கயும் சரியாகலன்னா அம்புட்டையும் கழட்டி எறிஞ்சிட்டு ஃபேன் மாட்டிக்கிடு."

ஃபேன் மாட்டினால் நான் இறங்கிவிட வேண்டியதுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கடையைப் புருசனும் பெண்சாதியுமாக நடத்தினார்கள். புருசன் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அந்த அக்காதான் என் வண்டியிடம் வந்தார். ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் முதலில் கேள்வி கேட்டார்.

"எடுத்த உடனே கூலிங் எப்படி இருக்கு தம்பி?"

"ஐஸ் மாதிரி வருதுக்கா. பொறவுதான் செத்துப் போவுது. டீக்கடையில நிறுத்திட்டு வந்தா மறுபடி வருது."

"நிறுத்துறப்ப காலடியில தண்ணி கெடக்குமா?"

கிடந்தது. தண்ணீர் கேன் ஒழுகுகிறது என்று நினைத்து இரண்டு கேன் மாற்றியிருந்தேன்.

"அப்ப கேஸ்லாம் இருக்கு. கூலிங் காயில்ல ஐஸ் கட்டிக்கிடுது. காத்து போற வழிய எதுவோ அடைக்குது."

டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி உள்ளே கைவிட்டார். ஈரமாக, சாம்பல் நிறத்தில், கம்பளித்துண்டு போல ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன தம்பி, செத்த எலியா?"

எலி இல்லை. நான் வைத்த பேண்டேஜ் துணி. யூனிட்டில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். லோடு ஏற்றும்போது அது கேபினுக்குள் புகுந்து, ஏசி போட்டதும் முகத்தில் வந்து அப்பியது. எங்கள் ஊரில் டீ வடிகட்டவும் கண்ணாடி துடைக்கவும் கழிவுத் துணிதான். அதையே நாலாக மடித்து, காற்று இழுக்கிற வாயில் திணித்து வைத்திருந்தேன். அதன் பிறகு அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. ஒரு வருடப் பஞ்சு அதில் ஏறியிருந்தது.

அக்கா இன்னொன்றும் கண்டுபிடித்தார். ஐஸ் கட்டுவதற்கு முன்பே கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றிவிட்டு, நேராக வயரை முறுக்கியிருந்தார்கள். புதிதாக ஒன்று மாட்டினார். காயிலைக் கழுவினார். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். குளிர் குறையவில்லை.

திரும்பும் வழியில் யோசித்தேன். தெர்மோஸ்டாட் கோளாறு என்று மட்டும் சொன்னால் போதும். அதுவும் உண்மைதான்.

யூனிட் வாசலில் முதலாளி காத்திருந்தார். நேராகக் கேபினில் ஏறி உட்கார்ந்தார்.

"அரை மணி நேரம் இங்கனயே இருக்கேன். காத்து நின்னுச்சுன்னா நாளைக்கே கழட்டிருவேன், பாத்துக்க."

நான் எஞ்சினை அணைக்காமல் ஏசியை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கேட்டார்.

"என்னதான்லே கோளாறு?"

தெர்மோஸ்டாட்டைச் சொன்னேன். தலையாட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், உள்ளூர் மெக்கானிக்கை அவர் திட்ட ஆரம்பித்தார். கேஸ் நிரப்பியவன் திருடன் என்றார். அந்த ஆள் என்ன செய்வான்? துணியையும் சொல்லிவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நம்ம துணியா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஏசிக்குக் கட்டுப் போட்டிருக்க. அதுக்கு எங்கலே அடிபட்டுச்சு?"

அவர் மணி பார்த்தார். கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, காற்று வரும் பக்கம் சாய்ந்துகொண்டார். அரை மணி தாண்டியது. நாற்பது நிமிடமும் ஆனது. கணக்குப்பிள்ளை கையெழுத்து வாங்க வந்து கதவைத் திறந்து நின்றார்.

"உள்ள ஏறு, இல்ல வெளிய நில்லு," என்றார் முதலாளி. "கதவ அடைடே. குளிரு பூரா போவுது."