மூன்று கிளவுட்டும் நிஸ்மியாவும்

காத்தான்குடியில் நிஸ்மியாவைப் போல ஒப்பிட்டுப் பார்க்கிற பெண் வேறு கிடையாது. ஒரு பிளெண்டர் வாங்கப் பிரதான வீதியில் ஏழு கடை ஏறி இறங்குவாள்; கடைசியில் முதற் கடையில் பார்த்ததையே வாங்கிக்கொண்டு வருவாள். தன்னைக் கட்ட மட்டும் எப்படி ஒரே தடவையில் சம்மதித்தாள் என்பது இன்னமும் விளங்கவில்லை என்று அவள் கணவன் ஸாஹிர் சொல்லித் திரிவான்.

நிஸ்தாரின் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பதினான்கு வருட வேலை. ஏறாவூர், ஓட்டமாவடி, கரடியனாறு ஆகிய மூன்று ஊர்களிலும் இரத்தம் எடுக்கும் கிளைகள் உண்டு. இரத்தம் மோட்டார் சைக்கிளில் வரும். முடிவு கணினி வழியாகத் திரும்பிப் போகும். அந்தக் கணினி இரண்டு தடவை படுத்துவிட்டதால் எல்லாவற்றையும் கிளவுட்டில், அதாவது இணையம் வழியே வேறொரு கம்பனியின் இயந்திரங்களில், வைத்துவிட நிஸ்தார் முடிவு செய்தார். எந்தக் கம்பனி என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு நிஸ்மியாவுக்கு. அவளுக்குப் பெருநாள் வந்த மாதிரி.

மூன்று கம்பனிகள் தேறின. பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பதால், இயந்திரங்கள் நிற்கும் இடத்தை வைத்துச் சிங்கப்பூர்க்காரன், பம்பாய்க்காரன், கொழும்புக்காரன் என்று பெயர் வைத்தாள். பதினேழு கட்டம் போட்டு அட்டவணை கீறினாள். பில் டொலரிலா ரூபாவிலா, வேகம் எப்படி, ஒரு பிரதி அழிந்தால் இன்னொன்று எங்கே இருக்கும், பிடிக்காவிட்டால் நம்முடையதை எடுத்துக்கொண்டு வெளியேற விடுவானா என்று ஒன்றையும் விடவில்லை. ஆறு கிழமை பார்த்து, ரூபாவில் பில் தருகிற, தொலைபேசியில் தமிழில் பேசுகிற கொழும்புக்காரனைத் தெரிவு செய்தாள்.

பழைய அறிக்கைகளை அங்கே மாற்ற இரண்டு மணித்தியாலம் ஆகும். அதுவரை எந்த ஊரிலும் திரையில் ஒன்றும் தெரியாது. நிஸ்மியா வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியைத் தெரிவு செய்தாள். ஜும்ஆ தொழுகை நேரம் கடையெல்லாம் பூட்டு, வீதியில் ஈ காக்கை இல்லை. அந்த நேரத்தில் யார் அறிக்கை கேட்கப் போகிறார்கள்? மாற்றத்தைத் தொடக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தொழுதாள்.

தொழுகை முடித்துக் கைத்தொலைபேசியை எடுத்தால், தக்சிகாவிடமிருந்து ஒன்பது அழைப்பு. தக்சிகா கரடியனாற்றுக் கிளையில் இரத்தம் எடுக்கிறவள். அங்கே ஜும்ஆ இல்லை; வெள்ளிக்கிழமையும் மற்ற நாளைப் போலத்தான்.

"அக்கா, ஒரு மணித்தியாலமா ஸ்கிரீன்ல ஒண்டும் இல்ல. டெங்குக் காய்ச்சல் புள்ள ஒண்டு. காய்ச்சல் விட்டிட்டு, வீட்ட போறன் எண்டு தாய் நிக்கா. நான் மறிச்சு வெச்சிருக்கன்."

நிஸ்மியா செருப்புக்கூட மாட்டாமல் ஓடி, நிலையத்தைத் திறந்து, பரிசோதனை இயந்திரத்திலேயே எண்ணைத் தேடிப் பிடித்தாள். பிளேட்லெட் நாற்பத்திரண்டாயிரம்; ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. அதைத் தொலைபேசியில் இரண்டு தடவை வாசித்தாள். தாய் பிள்ளையை ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நிஸ்தார் ஏசவில்லை. தானாக இருந்தாலும் வெள்ளிக்கிழமையைத்தான் தெரிவு செய்திருப்பேன் என்றார். அது நிஸ்மியாவுக்கு ஆறுதலாக இல்லை. கொழும்புக்காரனிலும் பிழை இல்லை. நேரம் குறித்தது அவள். எந்த ஊருக்கு எது வேலை நாள் என்கிற கட்டம் அந்தப் பதினேழில் இல்லாமல் போயிற்றே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு அவள் செய்த ஒப்பீடு வேறு. வெள்ளி நண்பகலிலும் ஞாயிறு காலையிலும் மூன்று கம்பனியின் உதவி இலக்கங்களுக்கும் போன் எடுத்தாள். கொழும்புக்காரன் வெள்ளிக்கிழமை உடனே பேசினான். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்து ஓய்ந்தது. பம்பாய்க்காரன் முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைத் தந்துவிட்டுப் பின்னேரம்தான் பதில் போட்டான். சிங்கப்பூர்க்காரன் இரண்டு நாளும் ஆறு நிமிடத்துக்குள் ஓர் ஆளைப் பேச வைத்தான். விலை கூடத்தான். டொலரைக் கண்டு நிஸ்தார் முகம் சுளித்தார்.

"சேர், ஞாயித்துக்கிழமை நாம திறந்திரிக்கம், வெள்ளிக்கிழமை கரடியனாறு திறந்திரிக்கி. ரெண்டு நாளும் ஆள் வேணும்" என்றாள். அவர் சிங்கப்பூர்க்காரனுக்குக் கையெழுத்து வைத்தார்.

மாற்றும் நேரத்தை இந்தத் தடவை அவள் தனியே குறிக்கவில்லை. மூன்று ஊரிலும் கேட்டாள். எல்லோருக்கும் ஓய்வான ஒரு மணித்தியாலம் அகப்படவே இல்லை. ஆகவே கொழும்புக்காரனிடம் ஓடுவதை நிறுத்தாமல், ஒவ்வோர் ஊராகச் சிங்கப்பூர்க்காரனிடம் மாற்றினாள். கரடியனாற்றுக்குத் தானே பஸ் ஏறிப் போய்த் தக்சிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தபோது ஒரு தாய், மெலிந்துபோன ஆறு வயதுப் பெண் பிள்ளையோடு மறு பரிசோதனைக்கு வந்தாள். தக்சிகா ஊசி குத்தும்போது அந்தத் தாய் தானாகவே கதை சொன்னாள். அன்றைக்குக் கணினி வேலை செய்யவில்லையாம். யாரோ ஒரு முஸ்லிம் அக்கா போனில் எண்ணைச் சொல்லித்தான் பிள்ளை தப்பியதாம்.

"ஆரெண்டு தெரியாது. அவ நல்லா இருக்கணும்."

நிஸ்மியா பேசாமல் இருந்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவள் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது நாந்தான் தங்கச்சி" என்றாள். "அந்த ஒரு மணித்தியாலம் உங்களக் காக்க வெச்சதும் நாந்தான்."