நான் இறங்காத தீவு

நான் அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை. நாலு வருஷமாக ஊரில் அளந்ததெல்லாம் பொய்.

"பால் மாதிரி மணலுங்க. ஒரு கடை கிடையாது, ஒரு காரு கிடையாது." கொல்லங்கோட்டு டீக்கடையில் இதைச் சொல்லாத நாள் உண்டா? கேட்பவர்களுக்கு அலுக்கவில்லை. எனக்குத்தான் அந்தத் தீவு எப்போது மூழ்கித் தொலையும் என்றிருக்கிறது.

எமர்ஜென்சிக்கு முந்திய வருஷம். தென்னை விவசாயிகள் என்று எனக்கும் என் கூட்டாளி எலப்புள்ளி ஆறுமுகத்துக்கும் லட்சத்தீவு செல்லப் பெர்மிட் கிடைத்தது. கொச்சியில் கப்பல் ஏறினோம். கப்பலோ கரைக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. கயிற்றேணியில் இறங்கிச் சிறு படகில் குதிக்க வேண்டுமாம்.

அறுபதடிக் கிணற்றில் தூர் வார இறங்கியவன் நான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். இந்தப் படகு ஒரு கணம் காலடிக்கு வந்தது, மறுகணம் பாதாளத்துக்குப் போனது. ஏணியில் வைத்த காலை மேலே எடுத்துக்கொண்டேன்.

"வாங்க மச்சான், மரமேறுற ஆளு நிக்கலாமுங்களா?" என்றார் ஆறுமுகம்.

"வயிறு கலக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க."

"வயிறு மட்டுந்தானுங்களா?"

பகல் முழுதும் கப்பல் கம்பியைக் கட்டிக்கொண்டு தூரத்தில் தெரிந்த தீவின் பச்சைக் கீற்றையே பார்த்திருந்தேன். மாலையில் திரும்பிய ஆறுமுகம் கண்டதையெல்லாம் சொன்னார். அதைத்தான் நான் கண்டதாக ஊரில் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

இதுவரை வேடிக்கைதான்...

ஒரு நாள் என் மனைவி சரசு கேட்டாள்: "என்னையும் ஒருக்காக் கூட்டிட்டுப் போறீங்களா?" பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் போக ஆசைப்பட்ட ஒரே இடம். மறுபடியும் அந்த ஏணியா? "பொம்பளைகளுக்குப் பெர்மிட் குடுக்கமாட்டாங்க" என்றேன். நம்பினாள்.

போன மாதம் எங்கள் தெரு வாத்தியார் சம்சாரத்தோடு அந்தத் தீவுக்குப் போய்வந்து போட்டோ காட்டினார். அந்த அம்மாள் செருப்பைக் கையில் பிடித்தபடி அலையில் நிற்கிறார். சரசு அதை நெடுநேரம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "என்னைக் கூட்டிட்டுப் போக வெக்கமா இருந்தா, அப்பவே சொல்லியிருக்கலாமுங்க."

உண்மையைச் சொல்ல அதைவிட வேறு தருணம் வருமா? என்னைப் பயந்தாங்கொள்ளி என்று அவள் அறிவதைவிட, தன்னை மதியாதவன் என்று எண்ணிக்கொள்ளட்டும் என விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய வீரன், பாருங்கள்!

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று வந்த விருந்தாளி ஒருவர் தீவைப் பற்றிக் கேட்டார். சரசு எழுந்து உள்ளே போனாள்.

நான் பால் மாதிரி மணலில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.