கத்தரின் கோட்டை பார்க்கப் போனது

மொன்றியலில் கத்தரினை அறியாத தமிழ்ச் சனம் குறைவு. கிழமை நாட்களில் டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் மரக்கறி வெட்டுவாள். ஞாயிறு பூசை முடிந்தால் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றுவாள். ஊற்றுகிற சாட்டிலேயே சில கலியாணங்களை ஒப்பேற்றியும் இருக்கிறாள். ஆனால் சொந்த மகன் டினோஜன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. முப்பது தாண்டியும் "பேந்து பாப்பம் அம்மா" என்பதுதான் பதில்.

அதனால்தான் அவள் இங்கிலாந்துக்குப் புறப்பட்டாள். யாழ்ப்பாணத்தில் கூடப் படித்த அக்னெஸ் லீட்ஸில் இருக்கிறாள். அவளுடைய மகள் றொசானா பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறாள். போனில் பெண் கேட்டால் "யோசிச்சுச் சொல்லுறம்" என்று நழுவிவிடுவார்கள். முன்னால் போய் இருந்து கேட்டால் நழுவ முடியாது. இது கத்தரினின் தொழில் அனுபவம். ஆனால் எல்லாரிடமும் ஊர் பார்க்கப் போவதாகத்தான் சொன்னாள்.

"நல்லாச் சுத்திப் பாருங்கோ அம்மா," என்றான் டினோஜன், விமான நிலையத்தில். பிள்ளைக்கு இவ்வளவு அக்கறையா என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது.

இறங்கிய மறுநாளே றொசானா காரோடு நின்றாள். முதலில் யோர்க். நகரத்தைச் சுற்றிய பழைய மதில்மேல் நடத்தினாள். அடுத்த நாள் ஒரு கோட்டை, அதற்கடுத்த நாள் இன்னொன்று. கார் ஓட்டுகிற பெண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணையே கேட்க முடியாது. பின் சீட்டில் நடுவில் யோகராணி, அவளும் அதே வகுப்புக்காரி. அவள் காதில் ஒரு சம்பந்தப் பேச்சு விழுந்தால், கார் அடுத்த ஊரைச் சேருமுன் அது ரொறொன்ரோவைச் சேர்ந்துவிடும். அக்னெஸுக்கு முழங்கால் வருத்தம்; படி கண்ட இடத்தில் கீழேயே இருந்துவிடுவாள். கத்தரினும் பக்கத்தில் இருக்கப் பார்த்தாள்.

"கனடாவிலயிருந்து வந்து கீழ இருக்கிறதோ? எழும்புங்கோ அன்ரி," என்று றொசானா கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனாள்.

மேலே எங்கும் கூரை இல்லை.

"இடிஞ்சதைக் காட்டியே காசு வாங்குறாங்கள்," என்றாள் கத்தரின், இறங்கி வந்து. "எங்கட ஊரில டிக்கற் இல்லாமலே பாக்கலாம்."

"அங்க உள்ளுக்குத் தேத்தண்ணிக் கடை இல்லையெல்லோ," என்றாள் யோகராணி.

கடைசி நாள் விற்பி என்ற கடற்கரை ஊர். கடலுக்கு மேலே மேட்டில் ஒரு பாழடைந்த துறவி மடம். அக்னெஸும் யோகராணியும் கீழே மீன் பொரியலோடு இருந்துவிட்டார்கள். மேலே போனதும் கத்தரின் பழக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டாள்.

"ஆர் பிள்ளை இதை இடிச்சது?"

"ஒரு ராசா அன்ரி. மனிசியை விட்டிட்டு வேற ஒருத்தியைக் கட்ட றோமில பாப்பாண்டவர் விடேல்லை. அதில துடங்கின சண்டையில மடமெல்லாம் பூட்டுப்பட்டுது."

"ஒரு கலியாணக் கதைக்கு இவ்வளவு சேதமோ."

றொசானா அவள் பக்கம் திரும்பினாள். "அன்ரி, நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். டினோஜன் கண்டுபிடிச்சுச் சொன்னவர்."

கத்தரினுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டு பேரும் கதைக்கிறனீங்களோ?"

"ஓம். அவர் உங்கட மொன்றியல் பாலத்துக்கு அங்கால, லொங்குய்யில ஒரு பெட்டையை விரும்புறார், நாலு வருசமா. உங்களிட்டச் சொல்லப் பயம். நீங்கள் எங்கட அம்மாவிட்ட வாய் திறக்க விடாமல் சுத்திக் காட்டச் சொன்னவர். கோட்டை டிக்கற் எல்லாம் அவர்தான் எடுத்தவர்."

ஊரார் பிள்ளைகளின் மனதையெல்லாம் தேத்தண்ணிக் கோப்பையிலேயே கண்டுபிடித்தவள், நின்ற இடத்திலேயே ஒரு கல்லில் இருந்தாள். கோபப்படலாம் என்று பார்த்தாள்; காற்று அடித்த அடியில் அதுவும் நிலைக்கவில்லை.

புறப்படும்போது அக்னெஸ் குறைப்பட்டாள். "ஊர் பாக்க உனக்கு இவ்வளவு ஆசையெண்டு தெரியாதடி. ஆறுதலா இருந்து கதைக்கவே இல்லை."

"எனக்கும் தெரியாது," என்றாள் கத்தரின்.

மொன்றியலில் டினோஜன் பெட்டிகளைக் காரில் ஏற்றினான். "எப்பிடியம்மா இங்கிலாந்து?"

"வடிவு. நீ டிக்கற் எடுத்துக் காட்டினதெல்லோ."

டினோஜன் கார்த் திறப்பைத் திருப்பாமல் அம்மாவைப் பார்த்தான்.

"வீட்டை பேந்து போவம்," என்று கத்தரின் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "இப்ப லொங்குய்க்கு விடு. அங்கயும் பாக்க ஒரு இடம் இருக்காம்."

டினோஜன் காரை எடுத்தான். பாலத்துக்கு ஏறும் பாதையைப் பிடித்தான்.