முனியறைக்குப் போகும் வழி

மறையூரில் பஸ் ஒரு மணி நேரம் நிற்கும் என்கிறார் கண்டக்டர். வெல்லம் காய்ச்சும் இடத்தைக் காட்ட ஒரு ஜீப் நிற்கிறது. அதில் ஏற்கெனவே பதினொரு பேர். எனக்கு நெரிசல் ஆகாது. குன்றின் மேலுள்ள முனியறைகளை, அந்தப் பழங்காலக் கல்லறைகளை, தனியாகக் காட்டுவதாகச் சொன்ன ஒல்லியான மனிதரோடு, காலடிகளை எண்ணியபடி நடந்து ஏறுகிறேன்.

ஆயிரத்து நானூறாவது அடியில் அவர் உட்கார்ந்து இருமுகிறார். வாயைத் துடைத்த துண்டில் ரத்தம்.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லி ஆள் அனுப்பட்டுமா?"

"வேணாம்யா. இது தெரிஞ்சுதான் எஸ்டேட்ல பேரை வெட்டுனாக. இங்கயும் தெரிஞ்சா எவன் என்கூட வருவான்? யார்கிட்டயும் சொல்லிராதீக. இறங்குங்க, பஸ் போயிரும்." பிறகு மேலே கைகாட்டிச் சிரிக்கிறார். "எனக்கென்ன, கல்லறை பக்கத்துலயே இருக்கு."

இன்னும் இருபத்தாறு நிமிடம். இறங்குகிறேன். நான்கு முறை திரும்பிப் பார்க்கிறேன். நான்கு முறையும் அவர் உட்கார்ந்தேதான் இருக்கிறார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார்: "ஏனுங்க, உங்களைக் கூட்டிட்டுப் போனவர் எப்படிங்க? திரும்பி வரும்போது நானும் அவரையே வச்சுக்கலாங்களா?"

"தாராளமா. நல்லா நடக்கிறார்" என்கிறேன்.

பஸ் கிளம்புகிறது.