சீனியரின் கையெழுத்து

கடலூரில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் அந்த வக்கீலின் பெயர்ப் பலகை இருந்தது. பி.ஏ., பி.எல். என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மனிதர் அதற்குப் பக்கத்தில் எம்.எல். என்றும் போட்டு, 'முதலாம் ஆண்டு' என்று பொடி எழுத்தில் சேர்த்திருந்தார். கீழே, 'கிரிமினல் வழக்குகளில் இருபது ஆண்டு அனுபவம்'. அதற்கும் கீழே ஏதோ சங்கத்தின் முன்னாள் செயலாளர். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று ஓர் எழுத்து விடாமல் படித்தேன். "இவ்ளோ படிச்சவருப்பா" என்றேன். அந்த வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். அப்பா நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தார். பெர்மனென்ட். கம்மாபுரம் பக்கம் எங்களுக்கு இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போனபோது கிடைத்த வேலை அது. ஒருநாள் அவருடைய டிபன் கேரியரின் பிடி உடைந்துவிட்டது. கீழே கிடந்த ஒரு சாண் செம்புக் கம்பியை எடுத்து முறுக்கிக் கட்டிக்கொண்டார். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, மைன்ஸ் கேட்டில் புதிதாக வந்திருந்த வாட்ச்மேன் ஒருவர் கண்ணில் அது பட்டுவிட்டது. செம்பு காணாமல் போய்க்கொண்டிருந்த சமயம். திருட்டுக் கேஸ் ஆகிவிட்டது.

ஏழையாகப் போய் நின்றால் மாஜிஸ்திரேட் இரக்கப்படுவார் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாரோ யோசனை சொன்னார்கள். அப்பா பெர்மனென்ட் ஆட்களுக்கான காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சாயம் போன வேட்டியும் தையல் விட்ட சட்டையுமாகக் கிளம்பினார். வக்கீல் அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். கான்ட்ராக்ட் கூலி என்று முடிவு கட்டிவிட்டார். கான்ட்ராக்ட் ஆளாக இருந்திருந்தால் அவர் சொன்ன வழி சரியான வழிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டிட்டுப் போயிடுய்யா. இல்லன்னா வாய்தா வாய்தான்னு வருஷக்கணக்கா அலையணும்."

"நான் திருடலீங்களே" என்றார் அப்பா.

"அது தெரியும்யா. இப்ப யாரு அதக் கேட்டா?"

உள்ளே மாஜிஸ்திரேட் கேள்வி கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் வக்கீலே "ஒப்புக்கொள்கிறார்" என்று சொல்லிவிட்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. திரும்பும் வழியில் குறிஞ்சிப்பாடியில் பஸ் நின்றபோது அப்பா மசால்வடை வாங்கித் தந்தார். தொல்லை விட்டது என்று சிரித்துக்கொண்டே தின்றோம். அதற்குப் பிறகு நான் மசால்வடையைத் தொட்டதே இல்லை.

திருட்டுக்குத் தண்டனை பெற்றவருக்கு வேலை கிடையாது என்பது விதி. சில வாரங்களில் தபால் வந்தது. அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினார்.

"ஐயா, வேல பூடுச்சிங்க. நெலத்தக் குடுத்து வாங்கின வேலைங்க."

அவர் ஏதோ ஒரு கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டே, "பெர்மனென்டுன்னு நீ சொல்லவே இல்லையேய்யா" என்றார்.

அப்பா அந்த ஆளைக் கும்பிட்டுவிட்டு வேறு வெளியே வந்தார். எனக்குப் பதில் தெரிந்தது. தொண்டைவரை வந்தது. பயத்தில் விழுங்கிவிட்டேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்திலிருந்த வடக்குத்து கிராமத்தில் ஓர் ஓட்டு வீட்டுக்குப் போனோம். அப்பா அதே மைன்ஸில் கான்ட்ராக்டில் மண் அள்ளினார். அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் மேலே நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்பார்கள். அம்மா அந்த டிபன் கேரியரைப் பரணில் போட்டுவிட்டுத் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினாள்.

நன்றாகப் படிக்கிற பெண், டீச்சராகலாமே என்றார்கள். நான் மெட்ராஸுக்குப் போய்ச் சட்டம் படித்தேன். நீதிக்காக வந்தேன், ஏழைகளுக்காக வந்தேன் என்று கூடப் படித்தவர்கள் சொல்வார்கள். நான் ஓர் ஆளுக்காக வந்தேன். என் பி.எல். பட்டத்தில் முக்கால்வாசி ஆத்திரம்தான். வக்கீலாகப் பதிவு செய்து கறுப்பு கவுனை மாட்டிய மறுவாரமே, அந்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர அதே பலகைக்குக் கீழே போய் நின்றேன். பதினாலு வருஷத்தில், இருபது ஆண்டு அனுபவம் முப்பத்தைந்து ஆகியிருந்தது. ஒன்று கூடுதலாகவே போட்டிருந்தார். எம்.எல். மட்டும் இன்னும் முதலாம் ஆண்டுதான்.

"என்ன கிளாஸ் வாங்கின? டைப் தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்காத ஒரு தமிழனை அன்றுதான் பார்த்தேன். கேட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

இரண்டு வருஷம் அவரிடம் இருந்தேன். குறுக்கு விசாரணையில் மனிதர் புலி. கூண்டில் நிற்கிற சாட்சிக்கு வேர்த்துக் கொட்டும். இன்று நான் கோர்ட்டில் காட்டுகிற வித்தையில் பாதி அவருடையது. ஆனால் கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்க மாட்டார், தாளைப் படிக்க மாட்டார். மனுவோ, அபிடவிட் என்கிற பிரமாணப் பத்திரமோ, நான் டைப் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். காலையில் கவுனுக்குள் ஒரு கையை நுழைத்தபடியே, குறி இருக்கிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார்.

அப்பா ரிட்டயர் ஆகிற வயதுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. அதற்குள் தண்டனை ரத்தானால் வேலைக்குத் திரும்பலாம். இல்லையென்றால் சாகும்வரை திருடன்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டது அப்பா இல்லை, வக்கீல் என்று கடலூரிலேயே இருந்த மேல் கோர்ட்டில் காட்ட வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர். அரசு வக்கீல் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. என் தவறு என்று அவர் எழுதித் தருவாரா? தரவே மாட்டார். நான் கேட்கவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, அன்றைய தாள்களுக்கு நடுவே, அவர் பெயரில் நான் அடித்த ஓர் அபிடவிட்டைச் செருகினேன். 'அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டால் வேலை போகும் என்று எடுத்துச் சொல்லவில்லை. நீதிபதியின் கேள்விக்கு அவருக்குப் பதிலாக நானே ஒப்புக்கொண்டேன்.' பெருக்கல் குறியை அழுத்தமாகவே போட்டேன். சீனியர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு, கீழே கோடிழுத்து, இரண்டு புள்ளி வைத்தார். நான் செய்தது தப்புதான். எந்த ஜூனியரும் செய்யக்கூடாத தப்பு. ஆனால் அந்தத் தாளில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

அந்த வாரமே நான் அவருடைய ஆபீஸை விட்டு விலகி, காலதாமதத்தை மன்னிக்கக் கேட்டு, அப்பாவுக்காக நானே மனுப் போட்டேன். அரசுத் தரப்புக்குத்தான் நோட்டீஸ் போகும், சீனியருக்குப் போகாது. விசாரணை நாளன்று அப்பாவைக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.

"பொட்டியில மடிச்சி வச்சிக்கினு இருந்தன். தோளு புடிக்கிதும்மா" என்றார்.

"புடிச்சா புடிக்கட்டும், போட்டுக்கப்பா."

நீதிபதி அபிடவிட்டைப் படித்தார். தன் வழக்குக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் சீனியரைப் பார்த்தார். தாளை அவரிடம் கொடுக்கச் சொன்னார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

அவர் ஒரு தாளை முழுதாகப் படித்து அன்றுதான் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதில்லை என்று சொல்ல முடியாது. படிக்காமல் போட்டேன் என்றால், அதுவரை அவர் தாக்கல் செய்த அத்தனையும் நாறிப் போகும், அதுவும் ஊர் வக்கீல்கள் முன்னால். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு வயிறு குளிர்ந்தது. ஐயோ பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

"ஆமாம், யுவர் ஆனர்" என்றார்.

தண்டனை ரத்தானது. அப்பா சில மாதங்களாவது பெர்மனென்டாக வேலைக்குப் போய், பெர்மனென்டாகவே ரிட்டயர் ஆனார். அரசு வக்கீல் பதவி வேறு யாருக்கோ போனது. அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் சீனியர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். காக்கிச் சட்டையில் நின்ற அப்பாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவரு உங்கப்பான்னு நீ சொல்லவே இல்லையேம்மா."

பத்து வயதில் விழுங்கியது அப்படியே வெளியே வந்தது.

"நீங்க கேக்கவே இல்லையே, சார்."