டஸ்ட் வன்னை விடச் சிறியது

மச்சானுக்கு ஈரலில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த அன்று நான் செய்த முதல் காரியம் ஒரு கோப்பைத் திறந்ததுதான். தங்கை அழுதுகொண்டிருந்தாள். நான் காகிதத்தில் துளையிடும் கருவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அரச மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருடம் மருந்தாளராக இருந்தவனுக்குத் துக்கம் அப்படித்தான் வருகிறது. இரத்தப் பரிசோதனைகள் முன்னால், ஸ்கேன் அறிக்கைகள் நடுவில், மருந்துச் சீட்டுகள் பின்னால், எல்லாம் தேதி வரிசையில்.

மச்சான் என் தங்கையின் கணவர். கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெக்டரியில் தூள் பதம் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாடப்போட்ட கொழுந்தில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்து, இன்னும் எத்தனை மணித்தியாலம் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். சாராயம் தொட்டதில்லை. இரத்தத்தில் நெடுங்காலம் ஒளிந்திருந்த ஒரு கிருமிதான் ஈரலைக் கெடுத்திருந்தது. ஆனாலும் கிளினிக் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி.

"எவ்வளவு குடிச்சீங்க?"

"நாப்பது வருஷம் தேத்தண்ணி குடிச்சேன்" என்பார். "ருசி பாத்துப் பாத்து அதுலயும் பாதியைத் துப்பிட்டேன்."

அறுவைக்கு இடமில்லை என்றார்கள். காலையும் மாலையும் மாத்திரை. அது கட்டியைப் போக்காது, வளர்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். இரண்டாம் வாரத்தில் உள்ளங்கைகள் சிவந்து, கொப்புளித்து, தோல் உரிந்தன. அந்த மாத்திரைக்கு அது வழமைதான். நான் முன்கூட்டியே களிம்பு வாங்கி வைத்திருந்தேன். கோப்பிலும் எழுதினேன். அவரோ இரண்டு கைகளையும் மடியில் மலர்த்திப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைத் தங்கைதான் பூட்டிவிட்டாள்.

அப்போதுதான் நான் அந்த விளக்கத்தைக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. செடிகளிலிருந்து எடுக்கும் மருந்துப் பொருட்களை நானோ துகள்களுக்குள் வைத்து ஈரல் கட்டிக்கு அனுப்பும் ஆராய்ச்சிகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று நம் வெனிவெல் கட்டையில், அதாவது மரமஞ்சளில், இருக்கும் மஞ்சள் பொருள்.

"காய்ச்சலுக்கு அவிச்சுக் குடிப்போமே, அந்தக் கட்டையா?"

"அதேதான். ஆனா அவிச்சுக் குடிச்சா பெரும்பாலும் குடல் தாண்டாது. தாண்டுனதையும் உடம்பு ஒடச்சுப் போட்டுரும். அதனால கொழுப்புல ஒரு உறை மாதிரி செஞ்சு, அதுக்குள்ள வச்சு அனுப்பப் பாக்குறாங்க. ரொம்பச் சின்ன உருண்டை. அவ்வளவு சின்னதா இருந்தாத்தான் கட்டிக்குள்ள போய்த் தங்கும்."

"எவ்வளவு சின்னது?"

"உங்க சல்லடையில கடைசியா விழுறது என்ன?"

"டஸ்ட் வன். தேத்தூள்லயே ஆகச் சின்னது."

"அதை விடச் சின்னது."

அவர் முகத்தில் பல நாட்களாகக் காணாத ஒரு தெளிவு வந்தது. "சின்ன இலையிலதான் சாயம் சீக்கிரம் எறங்கும், மச்சான். இதுக்கு இவ்வளவு படிக்கணுமா? எங்க பெக்டரியில கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."

நான் சிரித்துவிட்டேன். "அந்தத் திசைதான்" என்றேன்.

கடமைக்கு ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். "நீங்களா எதையும் குடிச்சு வைக்காதீங்க. இதெல்லாம் இன்னும் கண்ணாடித் தட்டுலயும் எலியிலயும்தான் நடக்குது. மாத்திரையோட சேத்துக் குடிச்சா ஒன்னை ஒன்னு கெடுக்கும். ரெண்டும் ஒன்னா ஆகாது." மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஆயிரம் தடவை சொன்ன வசனம் அது. ஒரு தடவைகூட யோசித்துச் சொன்னதில்லை.

நான் இருப்பது வரக்காப்பொலையில். ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, மருந்து குடிக்கிறீர்களா என்று கேட்பேன். "தவறாம" என்பார். கோப்பில் ஒரு சரி அடையாளம் போடுவேன். ஐந்து அடையாளங்கள் விழுந்த பிறகு ஒரு காலையில் தங்கை போன் எடுத்தாள்.

"அண்ணே, இவருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. தூள் பட்டுருச்சுன்னு நெனச்சேன். ரெண்டு நாளா கழுவிக் கழுவிப் பாக்குறேன், போக மாட்டேங்குது."

"என்ன தூள்?"

"நீங்க வந்து பாருங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

மழையில் மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அந்த வீடே மஞ்சளாக இருந்தது. மேசை, ஜன்னல் கட்டை, கிரைண்டர் மூடி, பூனையின் முதுகு எல்லாம் மஞ்சள். அவருடைய விரல்களும்தான். அத்தனை மஞ்சளுக்கு நடுவில் இரண்டு கண்கள் மஞ்சளாவதை யார் கவனிப்பார்கள்? பத்திரிகைத் தாள் விரித்து, அதன் மேல் மூன்று சல்லடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்.

"பெக்டரியில கழிச்சுப் போட்ட மெஷ். கேட்டதும் குடுத்தாங்க" என்றார். வெனிவெல் கட்டையை டவுனில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறார். "மூணாவதுக்கு மெஷ் பத்தாது மச்சான், மெல்லிய துணி கட்டுனேன். இதை நெய்யில கொழைச்சு, காலையில வெறும் வயித்துல. கொழுப்பு உறைன்னு சொன்னீங்கல்ல?"

"மாத்திரை?"

"நிப்பாட்டிட்டேன். ரெண்டும் ஒன்னா ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தங்கை கதவோரம் நின்றாள். "நீங்க சொன்னதுன்னு இவரு சொன்னாரு அண்ணே. அதான் நானும் இடிச்சுக் குடுத்தேன்."

அவர் உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார். தோல் முழுதாக ஆறியிருந்தது. ஒரு பிடி கொழுந்தை இறுக்குவதுபோல் மூடித் திறந்து காட்டினார். "பாருங்க, கை வந்துருச்சு."

மறுநாள் கிளினிக்கில் வைத்தியர் அறிக்கைகளைப் பார்த்தார். சிறு வயதுப் பெண். பயிற்சிக் காலத்தில் எங்கள் மருத்துவமனையில் இருந்தவர், என்னை இன்னும் சேர் என்றுதான் கூப்பிடுவார். வேறு மருந்து ஏதாவது குடிக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். "வெனத் பெஹெத் பொனவாத?"

மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நே சேர்" என்றார். பெண் வைத்தியருக்கும் அவர் சேர்தான் சொல்வார்.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும், நோயாளி மறைத்தால் எப்படித் திருப்பிக் கேட்க வேண்டும் என்று பயிலுநர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான். வாய் திறக்கவில்லை. வைத்தியர் அட்டையில் 'இல்லை' என்று எழுதினார். பிறகு, ஈரல் இப்போது அந்த மாத்திரையைத் தாங்காது, இன்றோடு அதை நிறுத்த வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் வேனில் கேட்டேன். "ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"அந்தப் புள்ள உங்களை சேர்னு கூப்பிடுது. உங்க எடத்துல உங்களுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல."

கடைசி நாட்களில் வயிறு வீங்கி, ஒருக்களித்துத்தான் படுப்பார். ஒரு பகலில் திடீரென்று கேட்டார்.

"மச்சான், அந்த எலிக்குச் சரியாச்சா?"

"கட்டி சின்னதாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எலியை அறுத்துப் பாப்பாங்க. அதுதான் நடைமுறை."

அவர் சிரிக்கத் தொடங்கி, வலியில் பாதியிலேயே நிறுத்தினார். "நல்லவேளை, நான் உங்க வீட்டு எலி."

அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

மிஞ்சிய மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலோர் குப்பையில் போட்டுவிடுவார்கள். நான் படிவத்தை நிரப்பிக்கொண்டு கிளினிக் மருந்தகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் மருந்தாளர் எண்ணினாள், மறுபடி எண்ணினாள், சீட்டைப் பார்த்தாள். "சேர், இது கூடுதலா இருக்கே?"

ஒரு பொய் போதும். வாந்தி, மறதி, எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வாள். ஐந்து வாரம் குடிக்கவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படியாகவே. அவள் என்னை உள்ளே அழைத்துப்போய் வைத்தியரிடமும் சொல்ல வைத்தாள். வைத்தியர் அட்டையை எடுத்து 'இல்லை' என்பதை அடித்துத் திருத்தி, தேதி போட்டுக் கையொப்பமிட்டார். "அது இல்லாவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம், சேர்" என்றார். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நானே சொல்லியிருக்கிறேன்.

தங்கையிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை. தூளை இடித்துக் கொடுத்த கை அவளுடையது. எட்டாம் நாள் காரியம் முடிந்ததும், மிச்சத் தூள் இருந்த பால்மா டின்னைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். "அண்ணே, இதை என்ன செய்யணும்?"

காலாவதியான மருந்தை அழிக்கும் நடைமுறை எனக்குத் தெரியும். இரண்டு சாட்சிகள், ஒரு பதிவேடு. இதற்கு எந்தப் படிவமும் இல்லை. டின் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது, கோப்புக்குப் பக்கத்தில். ஒருநாள் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். ஒரு துகள்கூடத் தட்டுப்படவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நயமான தூளை நான் கலக்கியதும் இல்லை, பார்த்ததும் இல்லை. அவர் எட்ட நினைத்த நானோ அளவுக்கு, இதிலும் ஒரு துகளைப் பல கோடியாக உடைக்க வேண்டியிருந்தது. விரலில் பட்ட மஞ்சள் போக இரண்டு நாள் எடுத்தது.