கொழும்புக்கு அனுப்பிய மூன்று பேணிகள்

மலத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் என்று உப்புக்குளத்தில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரேயொரு நுணுக்குக்காட்டி இருந்தது. அதற்கு முன்னால் நாள் முழுக்கக் குந்தியிருந்தவன் நான்.

வார்டில் இருவருக்கு டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்ததால், சமையலறை ஆட்களின் மலத்தைச் சோதிக்கச் சொன்னார் பெரிய டொக்டர். சமையல்காரி பேசாலையைச் சேர்ந்த விதவை. அவள் ஆஸ்பத்திரியிலேயே தந்ததில் ஒரு கிருமி வளர்ந்தது. முதற் பார்வைக்கு நெருப்புக் காய்ச்சல் கிருமியேதான். ஆனால் நெருப்புக் காய்ச்சல் கிருமி சீனித் தண்ணீரில் வாயு விடாது. இதுவோ குமிழ் குமிழாக விட்டது. இருந்த புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். எந்த வகையிலும் சேரவில்லை. புதுக் கிருமி! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டொக்டருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. கொழும்பு ஆய்வுகூடம் இது இன்னதென்று சொல்லும்வரை அவள் சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்றுவிட்டார். அவளுக்கு மூன்று பிள்ளைகள். தினமும் வந்து, கடிதம் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கொழும்புக்காரருக்கு நான் வளர்த்த கிருமி வேண்டாமாம், மலமே வேண்டுமாம். அவள் வீட்டிலிருந்து மலத்தை வைத்துக் கொண்டுவந்த தகரப் பேணியை மூடி ஒட்டி ரயிலில் அனுப்பினேன். எதுவும் வளரவில்லை என்று பதில் வந்தது. இரண்டாவது பேணிக்கும் அதே பதில்தான். மூன்றாவதற்கு, கிருமி வளர்க்கும் என் கண்ணாடித் தட்டில் விழுந்த அழுக்கைத்தான் நான் கிருமியென்று வளர்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தட்டையும் என் கையாலேயே அவித்து வைத்தவன் நான். அவள் நாளைக்கே வேலைக்கு வரலாம், பிழை எப்படி நடந்ததென்று நான் எழுதித் தரவேண்டும் என்றார் டொக்டர்.

அன்றும் அவள் வாசலில் நின்றாள். பேணிக்குள் வேறு ஏதாவது போட்டாளா என்று கேட்டேன்.

“உப்புத்தான் ஐயா, ரெண்டு கை. மீனெண்டாலும் உப்புப் போடாமல் கொழும்புக்கு அனுப்புவினமோ? பழுதாப் போயிடும் எண்டு போட்டனான்.”

கத்த வேண்டும் போலிருந்தது. என் கிருமி மூன்று தடவையும் கருவாடாகத்தான் கொழும்பு போய்ச் சேர்ந்திருக்கிறது.

என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். “பிழையோ ஐயா? உப்பில்லாமல் இன்னொருக்காத் தரட்டோ?”

தந்தால் வளரும். கொழும்பு அதை ஆராய்ந்து ஒரு பெயர் வைக்க எத்தனை மாதம் போகுமோ. அதுவரை அவள் வீட்டில் அடுப்பெரியாது. அது நெருப்புக் காய்ச்சல் கிருமியில்லை என்று எனக்கு நிச்சயம். ஆனால் என் பேச்சை அங்கே யார் கேட்டார்கள்?

“வேண்டாம் அக்கா. நாளைக்கு வேலைக்கு வாங்கோ.”

பிறகு டொக்டரின் கந்தோருக்குப் போய், தட்டுகளைச் சரியாக அவிக்காதது என் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.